சேகரத் திட்டமும் நிதியும்: வட்டாரக் காப்பாளர் கூட்டத்துக்கு எதைக் கொண்டு செல்வது?

உங்கள் வட்டாரத்திலுள்ள ஆவணக்காப்பகங்கள் ஒன்றுகூடிச் சேகரத் திட்டமிடல் குறித்தும் நிதி திரட்டல் குறித்தும் இரண்டு நாள் பேசவிருப்பதாகவும், இரண்டே ஊழியர்களைக் கொண்ட உங்கள் காப்பகம் அதற்கு எந்தத் தயாரிப்போடு செல்ல வேண்டும், அங்கிருந்து எதை எதிர்பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் நாள் நிதி, இரண்டாம் நாள் சேகரம் என்று நிகழ்ச்சி நிரல் வகுக்கப்பட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இயன்றால் அமைப்பாளர்களிடம் பேசி அந்த வரிசையை மாற்றச் சொல்லுங்கள். யார் எதைச் சேகரிக்கிறார்கள், எதைச் சேகரிப்பதில்லை என்ற முடிவு எட்டப்படாமல் நிதியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், ஒவ்வொரு காப்பகமும் தன் குறைகளைச் சொல்லி முடிப்பதற்கே நேரம் சரியாகிவிடும். கேட்டுக்கொண்டிருப்பவர்களும் அதே குறைகளைச் சுமப்பவர்கள் என்பதால் அங்கே ஆறுதல் கிடைக்குமே தவிர வழி பிறக்காது. நிதி தருபவர் முதலில் கேட்கும் கேள்வி "இதை ஏன் நீங்கள் செய்ய வேண்டும், பக்கத்துக் காப்பகம் ஏன் செய்யக்கூடாது?" என்பதுதான். அதற்கு விடை சேகரத் திட்டத்தில் இருக்கிறது.

தயாரிப்பைப் பொறுத்தவரை, இரண்டு பக்கங்களுக்கு மேற்படாத ஒரு குறிப்பே போதும். அதில் உங்களிடம் எத்தனை அலமாரி மீட்டர் (அலமாரித் தட்டுகளில் ஆவணங்கள் அடைக்கும் நீளம்) ஆவணங்கள் உள்ளன, அவற்றில் எவ்வளவுக்குப் பட்டியல் உண்டு, ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை மீட்டர் புதிதாக வந்து சேர்கிறது, இன்னும் எத்தனை மீட்டர் இடம் காலியாக உள்ளது என்ற நான்கு விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். பழைய அறிக்கைகளில் உள்ள எண்களைப் படியெடுக்காதீர்கள். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அறையறையாக நடந்து அளந்து பாருங்கள். அப்படி நடக்கும்போதுதான், கீழ்த்தட்டுக்கும் தரைக்கும் நடுவே செருகி வைத்த மூட்டைகள், வரவுப் பதிவேட்டில் ஏறாமலே தங்கிவிட்ட பெட்டிகள், யார் கொடுத்தார்கள் என்று எவருக்கும் தெரியாத டிரங்குப் பெட்டி ஆகியவை கண்ணில் படும். அவற்றையும் அளந்து, "உரிமை தெளிவற்றவை" என்று தனி வரியாக எழுதுங்கள். பெரும்பாலான காப்பகங்கள் மறைக்க விரும்பும் வரி அது. கூட்டத்தில் மற்றவர்களைத் தங்கள் நிலையை வெளிப்படையாகச் சொல்லத் தூண்டும் வரியும் அதுவே. காலியிடம் அறுபது மீட்டர், ஆண்டு வரவு பன்னிரண்டு மீட்டர் என்று கணக்கு வந்தால், ஐந்தே ஆண்டுகளில் கதவை அடைக்க வேண்டியிருக்கும் என்பதை உங்கள் நிர்வாகத்துக்கு வேறு எந்த வாதமும் இவ்வளவு தெளிவாக உணர்த்தாது.

இனி சேகரத் திட்டத்துக்கு வருகிறேன். காப்பாளர் ஆவணங்களைத் தேர்ந்தெடுக்கவே கூடாது, அலுவலகம் ஒப்படைப்பதைப் பேணுவது மட்டுமே அவர் கடமை என்று 1922-இல் ஆங்கிலேயக் காப்பாளர் ஹிலரி ஜென்கின்சன் தம் கையேட்டில் வாதிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அரசு அலுவலகங்கள் மலைமலையாகத் தாள்களைக் குவித்தபோது அந்த நிலைப்பாடு தாக்குப்பிடிக்கவில்லை. ஆவணம் தந்த அலுவலகம் எப்படி இயங்கியது என்பதற்கான சான்று மதிப்பு, அதில் பொதிந்துள்ள செய்திகளின் மதிப்பு என்ற இரண்டையும் எடைபோட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையை அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தின் ஷெல்லென்பர்க் 1956-இல் விளக்கினார். தேர்ந்தெடுப்பதுதான் காப்பாளரின் அறிவுக்கு மிகக் கடினமான பணி, அதையே நாம் மிகவும் திட்டமின்றிச் செய்கிறோம் என்று அமெரிக்கக் காப்பாளர் ஜெரால்டு ஹாம் 1974-இல் தம் சக பணியாளர்களைப் பார்த்துச் சொன்னார். உங்கள் கூட்டத்துக்கு நேரடியாகப் பொருந்துவது 1986-இல் அமெரிக்கக் காப்பாளர் ஹெலன் சாமுவேல்ஸ் முன்வைத்த கருத்து. இன்றைய சமூகத்தின் எந்த ஒரு நிகழ்வும் ஒரே நிறுவனத்தின் ஆவணங்களுக்குள் அடங்குவதில்லை. ஆகவே ஒரு வட்டாரத்தையோ ஒரு துறையையோ எடுத்துக்கொண்டு, அதற்குத் தேவையான ஆவணங்கள் எவையென்று பல காப்பகங்கள் சேர்ந்து தீர்மானித்துப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றார் அவர். கருத்து சரியானது. ஆனால் முழு வட்டாரத்தையும் ஒரே மூச்சில் வரைபடமாக்க முயன்றால் திட்டமிடுவதிலேயே ஆண்டுகள் கழிந்துவிடும். எனவே இரண்டு நாள் கூட்டத்தில் இரண்டோ மூன்றோ பொருள்களை மட்டும் எடுத்துக்கொள்வதே விவேகம்.

எடுத்துக்காட்டாக, நின்றுபோன ஒரு வட்டார நாளிதழை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காப்பகமும் தன்னிடமுள்ள இதழ்களின் தேதிகளை முன்கூட்டியே எழுதிவரச் சொல்லி, அவற்றை ஒரே தாளில் ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்த்தால், மூன்று காப்பகங்கள் ஒரே பத்தாண்டின் கட்டுகளை வைத்துக்கொண்டு இடத்துக்குத் திண்டாடுவதும், அதற்கு முந்தைய பத்தாண்டு யாரிடமும் இல்லாததும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அந்தத் தாள்தான் உங்கள் முதல் சேகரத் திட்டம். எந்தப் பிரதி நல்ல நிலையில் உள்ளது, அதை யார் முதன்மைப் பிரதியாகப் பேணுவது, மற்றவர்கள் தம் பிரதிகளை எந்த நிபந்தனையில் கழிக்கலாம், இல்லாத பத்தாண்டை யார் தேடுவது என்ற நான்கு முடிவுகளை அதே மேசையில் எடுத்துவிடலாம். இதழ்களில் பல பிரதிகள் உண்டு என்பதால் இங்கே மனத்தடை குறைவு. அதனால்தான் இதிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

தனித்தன்மை கொண்ட ஆவணங்களுக்கு வரும்போது நிலைமை வேறு. ஒரு குடும்பத்தின் கடிதங்கள் ஒரு காப்பகத்திலும் அதே குடும்பத்தின் கணக்கேடுகள் மற்றொன்றிலும் இருப்பது வழக்கமாகக் காணும் காட்சி. ஒரே இடத்திலிருந்து தோன்றிய ஆவணங்களைப் பிரிக்கவும் கூடாது, மற்றவற்றோடு கலக்கவும் கூடாது என்ற விதியை 1841-இல் பிரெஞ்சு உள்துறை அமைச்சகத்தின் சுற்றறிக்கை வகுத்தது. இன்றும் நம் தொழிலின் அடித்தளம் அதுவே. ஆனால் அதைக் காரணம் காட்டி, "உங்களிடம் உள்ளதை எங்களிடம் கொடுங்கள்" என்று முதல் கூட்டத்திலேயே கேட்டால் அவநம்பிக்கைதான் வளரும். பெட்டிகள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், விவரணங்களை ஒன்றிணையுங்கள். பன்னாட்டு ஆவணக்காப்பக மன்றத்தின் ஐசாட்-ஜி என்ற ஆவண விவரணத் தரத்தின் இரண்டாம் பதிப்பு 2000-இல் வெளிவந்தது. காப்பகங்களுக்கிடையே தகவல் பரிமாறிக்கொள்ள இன்றியமையாதவை என்று அது குறிப்பிடுவது ஆறே கூறுகளை: குறியீட்டு எண், தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, விவரண நிலை (விவரிப்பது முழுத் தொகுதியையா, ஒரு கோப்பையா, தனித் தாளையா என்பது). ஒரு தொகுதிக்கு இந்த ஆறையும் எழுத அரை மணி நேரம் போதும். வட்டாரம் முழுவதும் இந்த ஆறு கூறுகளோடு ஒரே அட்டவணை உருவானால், ஆய்வாளர் ஒருவர் இரண்டு ஊர்களில் உள்ள பெட்டிகளை ஒரே தொகுதியாகக் காண முடியும்.

யாரும் சேகரிக்காத பகுதிகளைக் கண்டறிவதே கூட்டத்தின் மிகப் பெரிய பயன் என்று கருதுகிறேன். அரசு அலுவலகங்களின் கோப்புகளுக்குச் சட்டத்தின் துணை உண்டு, செல்வாக்குள்ள குடும்பங்களின் தாள்களுக்கு ஆர்வலர்கள் உண்டு. தொழிற்சங்கங்களின் கூட்டக் குறிப்புகள், புலம்பெயர்ந்து வந்தவர்களின் சங்கப் பதிவுகள், சிறு தொழில் நிறுவனங்களின் பேரேடுகள், பெண்கள் அமைப்புகளின் துண்டறிக்கைகள் ஆகியவற்றுக்கு அந்த அரண் கிடையாது. செயலாளர் மாறும்போது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய், கடைசியில் எடைக்குப் போடப்படுபவை இவை. ஒரு வெள்ளைத் தாளில் வட்டாரத்தின் வாழ்க்கைத் துறைகளைச் செங்குத்தாகவும், காப்பகங்களின் பெயர்களைக் கிடையாகவும் எழுதிக் கட்டங்களை நிரப்பச் செய்யுங்கள். வெறுமையாக நிற்கும் கட்டங்களைச் சுட்டிக்காட்டி, "இதை யார் ஏற்பது?" என்று கேட்கும் அமர்வுக்கு அரை நாளாவது ஒதுக்கப்பட வேண்டும். ஏற்பது என்றால் எல்லாவற்றையும் வாங்கிக் குவிப்பது என்று பொருளில்லை. அத்தகைய சங்கங்களுக்கு நேரில் சென்று, அவர்களிடம் என்ன உள்ளது என்று குறித்துக்கொண்டு, அவர்களே வைத்துப் பேண விரும்பினால் அதற்கு வழிகாட்டுவதும் ஏற்பதில் அடங்கும்.

திட்டம் என்பதன் மறுபக்கம் மறுப்பது. நன்கொடையாக வருவதை வேண்டாம் என்று சொல்வது சிறிய காப்பகங்களுக்கு மிகக் கடினம், ஏனென்றால் கொடுப்பவர் தம் தந்தையின் வாழ்நாளைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நிற்கிறார். எழுத்து வடிவச் சேகரக் கொள்கை இருந்தால் அந்த மறுப்பு தனிமனிதரின் அலட்சியமாகத் தோன்றாது. பக்கத்துக் காப்பகத்தின் கொள்கையும் கையில் இருந்தால், "இதற்குப் பொருத்தமான இடம் அது, நானே அவர்களிடம் பேசுகிறேன்" என்று சொல்லி அனுப்பலாம். இப்படி ஒருவரை ஒருவர் பரிந்துரைக்கும் உடன்பாட்டைக் கூட்டத்திலேயே எழுத்தில் கொண்டுவாருங்கள். ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு நன்கொடைக்கும் உரிமை மாற்றம், பதிப்புரிமை, பார்வைக்கான கட்டுப்பாடு, தேவையற்றதைக் கழிக்கும் உரிமை ஆகிய நான்கையும் குறிப்பிடும் கையொப்பமிட்ட பத்திரம் இருக்க வேண்டும் என்பதையும், அதற்கான மாதிரிப் படிவத்தை வட்டாரம் முழுவதும் பொதுவாக வைத்துக்கொள்வது என்பதையும் முடிவு செய்துவிடலாம். இது சட்ட ஆலோசகர் ஒருவரிடம் ஒரே முறை செலவு செய்தால் அனைவருக்கும் பயன்படும் வேலை.

பட்டியலிடப்படாத தேக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2005-இல் அமெரிக்கக் காப்பாளர்கள் மார்க் கிரீனும் டென்னிஸ் மெய்ஸ்னரும் எழுதிய ஒரு கட்டுரை இத்துறையின் பழக்கங்களையே புரட்டிப்போட்டது. ஒவ்வொரு ஊக்கையும் கழற்றி, ஒவ்வொரு தாளையும் வரிசைப்படுத்தி, உறை மாற்றிக்கொண்டிருப்பதால்தான் பெட்டிகள் பல்லாண்டுகள் வாசகரைச் சென்றடையாமல் கிடக்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரிய தொகுதிகளை ஒரு கன அடிக்குச் சராசரியாக நான்கு மணி நேரத்தில் ஒழுங்குபடுத்தி விவரிக்க முடிய வேண்டும் என்றார்கள். தட்டின் ஓர் அடி நீளத்தை ஏறத்தாழ ஒரு கன அடி என்று கொண்டால், அந்தக் கணக்கில் அறுபது மீட்டர், அதாவது சுமார் இருநூறு அடி தேக்கம் ஏறக்குறைய எண்ணூறு மணி நேர வேலை, அதாவது ஓர் ஊழியரின் அரை ஆண்டு. ஈரம் பட்ட தாள்களுக்கும் தனிமனித இரகசியங்கள் அடங்கிய கோப்புகளுக்கும் இந்த வேகம் பொருந்தாது. ஆனாலும், "தேக்கத்தைத் தீர்க்க நிதி வேண்டும்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "ஓர் ஊழியருக்கு ஆறு மாத ஊதியம் கிடைத்தால் அறுபது மீட்டரும் வாசகருக்குத் திறக்கும்" என்று கேட்பது எவ்வளவு வலுவானது என்பதை நீங்களே உணர்வீர்கள்.

இங்கிருந்து நிதிக்கு வருவது எளிது. காப்பகங்கள் பெறும் நல்கைகளில் பெரும்பகுதி ஒரு குறிப்பிட்ட வேலைக்கும் காலத்துக்கும் உட்பட்டவை. காப்பகத்தின் செலவோ முடிவற்றது. இந்தப் பொருத்தமின்மையைப் பற்றி வெளிப்படையாகப் பேசாத நிதி அமர்வு வீண். மின்னுருவாக்கத்தில் இது மிகத் தெளிவாகத் தெரியும். ஓர் ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் முழு வண்ணத்தில், சுருக்கப்படாத கோப்பாக எடுத்தால் ஏறக்குறைய 26 மெகாபைட் ஆகும். ஒரு இலட்சம் பக்கங்களுக்கு 2.6 டெராபைட், வெவ்வேறு இடங்களில் மூன்று பிரதிகள் வைப்பதென்றால் ஏறத்தாழ 8 டெராபைட். வருடும் கருவியும் அதை இயக்குபவரின் ஊதியமும் நல்கையில் அடங்கிவிடும். மூன்று ஆண்டு கழித்து நல்கை முடிந்த பிறகு அந்த எட்டு டெராபைட்டைச் சரிபார்க்கவும், வன்தட்டுகள் பழுதாகும் முன் மாற்றவும், பழைய வகை நாடாவைப் புதிய கருவி படிக்காத நாள் வரும்போது தரவைப் பெயர்க்கவும் எவரும் தனியாகப் பணம் தருவதில்லை. தரவுச் சேமிப்புக்குப் பரவலாகப் பயன்படும் எல்டிஓ வகைக் காந்த நாடாக்களின் கருவிகள் நெடுங்காலம் இரண்டு தலைமுறை முந்தைய நாடாக்களையும் படித்து வந்தன. எட்டாம் தலைமுறையில் அது ஒரு தலைமுறையாகக் குறைந்தது. எனவே எந்த மின்னுருவாக்கத் திட்டத்தையும் ஏற்கும் முன், பத்தாண்டுப் பராமரிப்புச் செலவை யார் ஏற்கிறார் என்று உங்கள் தாய் நிறுவனத்திடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். பேண முடியாத ஒரு இலட்சம் படங்களைவிடப் பேண முடிந்த பத்தாயிரம் மேலானது.

வெளி நல்கைகளில், பிரிட்டிஷ் நூலகம் ஆர்க்கேடியா என்ற அறக்கட்டளை நிதியத்தின் ஆதரவோடு 2004 முதல் நடத்திவரும் அழிவாபத்திலுள்ள ஆவணங்களுக்கான திட்டமும், அதே நிதியத்தின் ஆதரவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாக நூலகம் 2018-இல் தொடங்கிய திட்டமும் கூட்டத்தில் கட்டாயம் பேசப்பட வேண்டியவை. முன்னது பழைய காலத்து ஆவணங்களையும், பின்னது இருபது, இருபத்தோராம் நூற்றாண்டு ஆவணங்களையும் முதன்மையாகக் கொள்கின்றன. மூலங்கள் அவை தோன்றிய நாட்டை விட்டு வெளியேறக்கூடாது என்பது முன்னதன் விதிகளில் ஒன்று. சிறிய காப்பகங்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. முழு மின்னுருவாக்கத்துக்கு முன், என்ன எங்கே எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டறியும் முன்னோட்டக் கணக்கெடுப்புக்கே அங்கு விண்ணப்பிக்க முடியும். வட்டாரக் கூட்டத்தில் நிரப்பிய அந்தக் கட்டத்தாள் இப்படிப்பட்ட விண்ணப்பத்துக்கு நேரடியான ஆதாரமாக அமையும். ஒலி, ஒளி நாடாக்கள் வைத்திருப்பவர்களுக்கு அவசரம் இன்னும் கூடுதல். 2025-க்குள் மின்னுருவாக்கப்படாத காந்த நாடாப் பதிவுகளில் பெரும்பகுதி, ஓட்டிக் கேட்கும் கருவிகளும் உதிரிப் பாகங்களும் மறைவதால் நிலையாக இழக்கப்படும் என்று யுனெஸ்கோவின் ஆதரவில் வெளியான அறிக்கை 2020-இல் எச்சரித்தது. அந்த ஆண்டு வந்துவிட்டது. வட்டாரத்தில் இயங்கும் நிலையிலுள்ள நாடா இயக்கிகள் எத்தனை, யாரிடம் உள்ளன என்ற கணக்கை இந்தக் கூட்டத்திலேயே எடுத்துவிட வேண்டும்.

கூட்டாக வாங்கினால் மட்டுமே கைக்கெட்டும் சில உண்டு. பயிற்சி பெற்ற தாள் செப்பனிடுநர் ஒருவரைத் தனியாக அமர்த்துவது சிறிய காப்பகங்களால் இயலாது. ஐந்து காப்பகங்கள் ஆளுக்கொரு நாள் என்று பகிர்ந்துகொண்டால் இயலும். பூச்சி அரித்த ஆவணங்களைக் காற்றுப் புகாமல் உறையிலிட்டு மைனஸ் 20 பாகை செல்சியசில் இரண்டு வாரம் வைக்கும் உறைபெட்டியும் அப்படித்தான். கூட்டு விண்ணப்பத்தில் ஒரு சிக்கல் உண்டு. பணம் முதன்மை விண்ணப்பதாரரின் கணக்கில் வந்து சேரும், கணக்குத் தணிக்கையும் அவர் தலையில் விழும், மற்றவர்கள் மெல்ல விலகி நிற்பார்கள். விண்ணப்பம் எழுதும் முன்பே, கருவி யார் பெயரில் இருக்கும், திட்டம் முடிந்ததும் எங்கே தங்கும், ஒருவர் பாதியில் விலகினால் என்ன செய்வது என்று ஒரு பக்க உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள்.

உங்கள் தாய் நிறுவனத்திடம் நிரந்தர நிதி கேட்கும்போது, பண்பாட்டுப் பெருமையை மட்டும் முன்வைப்பது போதாது. ஆவணங்கள் நிலவுரிமைக்கும், ஓய்வூதியத்துக்கும், குடியுரிமைக்கும் சான்றாக இருப்பவை. பன்னாட்டு ஆவணக்காப்பக மன்றம் 2010-இல் நிறைவேற்றி, அடுத்த ஆண்டு யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட ஆவணங்கள் பற்றிய உலகளாவிய பிரகடனம், பொறுப்புக்கூறலுக்கும் குடிமக்களின் உரிமைக்கும் ஆவணங்கள் எப்படி அடிப்படை என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறது. கடந்த ஆண்டில் எத்தனை பேர் தம் உரிமையை நிலைநாட்ட உங்களிடம் வந்து நகல் பெற்றார்கள் என்ற எண்ணை அந்தப் பிரகடனத்தோடு சேர்த்து வைத்தால், அது எந்த நிர்வாகியாலும் எளிதில் ஒதுக்க முடியாத கோரிக்கையாகும்.

பேரிடர் கால உதவியையும் நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். 2009 மார்ச் 3 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரக் காப்பகக் கட்டடம், அருகே நடந்த சுரங்க இரயில் பாதைப் பணியால் இடிந்து விழுந்தபோது, சுமார் முப்பது கிலோமீட்டர் நீள ஆவணங்களில் பத்தில் ஒன்பது பங்கு இடிபாடுகளில் புதைந்தது. அவற்றில் பெரும்பகுதியை மீட்க முடிந்ததற்கும், மீட்டவை அழுகாமல் தப்பியதற்கும், நாடெங்கும் உள்ள பல காப்பகங்கள் தம் அலமாரிகளில் உடனே இடம் ஒதுக்கித் தந்தது ஒரு முக்கியக் காரணம். அந்த இடத்தை யார் தருவார், நனைந்த தாள்களை உறைய வைக்கும் குளிர்கிடங்கு எங்கே உள்ளது, இரவில் யாரை அழைப்பது என்பனவற்றை முன்கூட்டியே எழுதிவைக்கப் பணம் தேவையில்லை. நிதி கிடைக்காமல் போனாலும் கூட்டத்திலிருந்து உறுதியாகக் கைக்கொண்டு வரக்கூடிய பலன் இது.

கூட்டத்தை நடத்தும் முறையில் இரண்டு ஆலோசனைகள் உண்டு. நிதி நிறுவனங்களின் பிரதிநிதிகளை இரண்டாம் நாள் பிற்பகலுக்கு மட்டும் அழைப்பது நல்லது; அவர்கள் இருக்கும்போது எந்தக் காப்பகமும் தன் தேக்கத்தின் உண்மை அளவைச் சொல்லாது. அடுத்து, முடிவுகளைக் குறித்துக்கொள்ளும் பொறுப்பைப் பெரிய காப்பகம் ஒன்றுக்கும் சிறிய காப்பகம் ஒன்றுக்கும் சேர்த்தே கொடுங்கள். இத்தகைய வட்டார அமைப்புகள் புதியவை அல்ல: பன்னாட்டு ஆவணக்காப்பக மன்றத்தின் தென்கிழக்கு ஆசியக் கிளை 1968-இலும், தெற்கு, மேற்கு ஆசியக் கிளை 1976-இலும், பசிபிக் கிளை 1981-இலும் தொடங்கின. சிறு தீவு நாடுகளின் காப்பகங்களுக்காகப் பசிபிக் கிளை உருவாக்கிய ஆவண மேலாண்மை வழிகாட்டித் தொகுப்பு, சில ஊழியர்களே உள்ள அலுவலகங்களும் அப்படியே எடுத்தாளும்படி மாதிரிக் கொள்கைகளையும் படிவங்களையும் தருகிறது. உங்கள் கூட்டமும் சேகரக் கொள்கைக்கான மாதிரி, நன்கொடைப் பத்திரம், ஆறு கூறு அட்டவணை ஆகிய மூன்றையும் முடித்துக் கையில் கொடுத்தால் அதுவே போதிய பலன். உங்கள் இரண்டு பக்கக் குறிப்பை மட்டும் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே அமைப்பாளர்களுக்கு அனுப்பி, மற்றவர்களிடமும் அதே வடிவில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். எண்களை ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு அந்தக் கால அவகாசம் தேவைப்படும்.